கண்ணுக்குத் தெரிகிற தூரம்

மாஸ்டர், கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையிலிருந்து என் பையைத் தூக்கி எறிந்தவர் நீங்கள்தான். வேறு ஆளில்லை. ஒன்பது வருஷமாக நீங்கள் குறுகிய ஒழுங்கையில் எதிர்ப்படும்போதெல்லாம் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறேன். இனி ஏலாது.

நடந்ததை அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். அது பேக்கரிகளில் பாண் தட்டுப்பாடான காலம். துறைமுகத்தில் கப்பலிலிருந்து கோதுமை மா மூட்டை இறக்குவது என் கணவரின் வேலை. இமையில் மா ஒட்டியிருக்க வீட்டுக்கு வருவார். வீட்டு அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு அவியும். அந்த மா எல்லாம் லொறியேறி எங்கெங்கோ போனது. எங்களுக்குச் சங்கக்கடையில் வீட்டுக்கு ஒரு இறாத்தல் பாண். அதுவும் விடியமுன் போய் வரிசையில் நின்றால்தான்.

அந்த வரிசையை நடத்தியவர் நீங்கள். பள்ளிக்கூட வாத்தியார், சனசமூக நிலையத் தலைவர், உங்கள் சொல்லை ஒருவரும் தட்டமாட்டார்கள். கால் கடுத்தால் பையில் ஒரு கல்லைப் போட்டு நம் இடத்தில் வைத்துவிட்டு விலகி நிற்கலாம். கல் இல்லாவிட்டால் கச்சான் காற்று பையை அள்ளிக்கொண்டு போய்விடும். பை நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஆனால் பைக்காரர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிற்க வேண்டும். பையை வைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுக்கிறவர்களுக்காக நீங்கள் போட்ட விதி அது. நல்ல விதி என்றுதான் நானும் அன்றுவரை நினைத்திருந்தேன்.

என் மகளுக்கு அப்போது நாலு மாதம். வீட்டில் விட ஆளில்லாமல் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அன்று பாண் வண்டி பிந்திவிட்டது. வெயில் ஏறியது. பிள்ளை வீரிட்டு அழுதாள். எனக்கு முன்னால் பதினைந்து பேர்தான். என் இடத்தை விடாமல் பக்கத்து மதகுக் கட்டில் குந்தி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பால் கொடுத்தேன். கூச்சம் எனக்கும் இருந்தது. அவளுக்குப் பசி.

“பாண் வரமுதல் பால் வந்திட்டுதடா,” என்று பின்னால் ஒருவன் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். நீங்கள் அவனை ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் வந்தீர்கள்.

“பிள்ளை, இதென்ன வேலை? ஆம்பிளையள் நிக்கிற இடம்.”

“பசியில அழுறாள் மாஸ்டர்.”

“அதுக்கு? அங்கால ஒழுங்கைக்குள்ள போய்க் குடுத்திட்டு வாரும்.”

எனக்குப் பின்னால் நின்ற முஸ்லிம் அம்மா விடவில்லை. “வெக்கமெண்டா அவனுகள் அங்கால திரும்பட்டும். நீ குடு புள்ள.”

எனக்குத் துணிவு வரவில்லை. பையில் கல்லைப் போட்டு வைத்தேன். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒழுங்கைக்குள் போய், ஒரு வேலியோடு குந்தியிருந்து கொடுத்தேன். திரும்பி வந்தபோது என் பை மதகடியில் கிடந்தது. ஒரு ஆடு அதை முகர்ந்துகொண்டு நின்றது.

“ஆளைக் காணேல்லை,” என்றீர்கள். “பை வைச்சால் ஆள் கண்ணுக்குத் தெரிய வேணும்.”

“நீங்கள்தானே போகச் சொன்னனீங்கள்?”

“போகச் சொன்னனான். வரிசை ஒழுங்கை மாத்தச் சொல்லேல்லை.”

அந்த அம்மா சத்தமாகக் கேட்டார்: “அந்தா மதிலடியில ரெண்டு பேர் மூத்திரம் பெய்யிறானுகள். அவனுகள்ற பை மட்டும் இருக்குதே?”

“அவை கண்ணுக்குத் தெரியினம்.”

“ஓம் மாஸ்டர், நல்லாத் தெரியினம்!”

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பை மட்டும் திரும்பி இடத்துக்கு வரவில்லை. நான் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இன்னும் எட்டுப் பேர் நிற்கையில் பாண் முடிந்தது.

ஒரு நாள் பாணோடு போயிருந்தால் மறந்திருப்பேன். மறுநாளிலிருந்து பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். நாலு மணித்தியாலம், சில நாள் ஐந்து. நேரம் வந்ததும் பால் தானாகச் சுரந்து சட்டையை நனைக்கும். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டில் அவள் அழுது அழுது, அவர்கள் கொடுத்த சோற்றுக் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூங்கியிருப்பாள். குடிக்காத பால் குறையும் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இரண்டு மாதத்தில் வற்றிவிட்டது. கரைத்துக் கொடுக்க மாப்பால் ரின்னும் கடையில் இல்லை. வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கிடந்த பதினொரு நாளைப் பற்றி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை. பிழைத்தாள். இன்றும் வகுப்பில் உருவத்தில் ஆகச் சின்னவள் அவள்தான்.

உங்கள் ஒருவரால்தான் எல்லாம் என்று நான் சொல்லவில்லை. பாண் தட்டுப்பாட்டை நீங்கள் கொண்டுவரவில்லை. அன்று மதகுக் கட்டிலிருந்து எழும்பாமல் இருந்திருக்க வேண்டியவள் நான். அதையும் ஒன்பது வருஷமாகச் சுமக்கிறேன்.

நேற்று உங்கள் நோட்டீஸ் வந்தது. சனசமூக நிலையத்தில் தாய்ப்பாலின் பெருமை பற்றிக் கூட்டம், தலைமை நீங்கள். தாய்மார் கைக்குழந்தைகளோடு வரட்டாம். வருவார்கள். அரை மணித்தியாலத்தில் ஒரு பிள்ளை பசித்து அழும். கூட்டத்தில் ஆம்பிளைகளும் இருப்பார்கள். அந்தத் தாய் இருந்த கதிரையிலேயே கொடுக்கலாமா, எழும்பி ஒழுங்கைக்குப் போக வேண்டுமா? போனால் அவளுடைய கதிரை இருக்குமா?

பெருமையைப் பிறகு பேசலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் மாஸ்டர். வீட்டுக்கு வந்து காதோடு சொல்ல வேண்டாம். அந்த மேடையில், ஒலிபெருக்கியில், எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். மகளோடு முன்வரிசையில் இருப்பேன், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்.