மார்கழி மாம்பழம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் கண்ணாடி உடைந்த சத்தம் முதலில் என் காதில்தான் விழுந்தது. கல் பட்டு உடைகிற சத்தம் இல்லை. நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சொடக்கு, சற்று நேரம் கழித்து இன்னொன்று. ஓடிப்போய் ஃப்ரீசரைத் திறந்தால், வரிசையாக வைத்திருந்த பாட்டில்கள் எல்லாம் உடம்பு முழுக்கக் கோடு விழுந்து நின்றன. ஒன்று அடியோடு விட்டுப்போயிருந்தது. கண்ணாடி துண்டு துண்டாகக் கிடக்க, உள்ளே இருந்த மாம்பழ ஜாம் மட்டும் பாட்டில் உருவத்திலேயே மஞ்சளாக விறைத்து நின்றது. என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் பாட்டிலைத் திட்டினார், அதை விற்ற கடைக்காரரைத் திட்டினார், கடைசியில் முன்னாலேயே வந்து பார்க்கக் கூடாதா என்று என்னையும் திட்டினார்.

பாட்டிலின் மேல் குற்றமில்லை. விளிம்பு வரை நிரப்பாதே, இரண்டு விரல் இடம் விடு என்று அண்ணன் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மதினி காதில் வாங்கிக்கொண்டாரே தவிரக் கேட்கவில்லை. அரிசிப் பானையோ உப்பு ஜாடியோ, எதையும் கழுத்துக்குக் கீழே வைத்து அவருக்குப் பழக்கமில்லை. அதிலும் இது புருஷனுக்கென்று எடுத்து வைப்பது. "கொறையா வச்சா வீட்டுக்கு ஆகாதுத்தா" என்று ஒரே பிடியாக நின்றார். கண்ணாடித் தூளோடு எல்லாவற்றையும் குப்பையில் போட்ட பிறகு விஷயம் மஸ்கட்டுக்குப் போனது. அண்ணன் சிரித்துவிட்டார். "ஐஸானா எதுவும் பொங்கும்த்தா. பொங்குறதுக்கு எடம் விட வேணாமா?" என்றார். பொங்கும் என்றதும் மதினிக்கு மனம் சமாதானமாகிவிட்டது. பொங்குவதற்கு இடம் விடுவது குறை வைப்பதில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, மறுவருஷம் முதல் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாறி, இரண்டு விரலுக்கு மூன்று விரலாகவே இடம் விட்டார்.

அறந்தாங்கியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஓர் ஆண் வெளிநாட்டில் இருந்த காலம் அது. ஆண்கள் எல்லாரும் உள்ளூரிலேயே இருக்கும் வீட்டைத்தான், என்ன ஏது என்று விசாரிப்பார்கள். அண்ணனுக்கு மஸ்கட்டில் ஒரு பெரிய கம்பெனியின் மெஸ்ஸில் சமையல் வேலை. கிறிஸ்துமஸுக்கு வெள்ளைக்கார அதிகாரிகள் ஊருக்குப் போய் மெஸ் காலியானால்தான் அவருக்கு லீவு கிடைக்கும். ஆகவே மார்கழியில் வருவார், பொங்கல் முடிந்து போவார். கலியாணமான வருஷம் அவர் கொல்லையில் வைத்த ஒட்டு மாமரமோ வைகாசியில்தான் பழுக்கும். வைத்தவர் வாயில் மட்டும் அதன் பழம் பட்டதில்லை. கணவர் காலமான பிறகு நான் அந்த வீட்டோடு வந்து சேர்ந்து, பக்கத்தில் ஒரு நர்சரி பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி, அவர் மகள், நான். மூன்று பெண்கள் இருக்கிற வீட்டில் எவ்வளவு தின்ன முடியும்? தெருவே தின்றது.

அண்ணனுக்காகப் பழத்தைக் கிளறி அல்வா பதத்தில் வைத்துவிடலாம் என்பதுதான் மதினியின் முதல் யோசனை. அண்ணன் ஒப்பவில்லை. அவருடைய மெஸ்ஸில் ஸ்ட்ராபெரியை வேக வைக்காமலே ஜாம் செய்து ஃப்ரீசரில் வைப்பார்களாம், வருஷம் வரைக்கும் அப்படியே இருக்குமாம். "வேக வச்சா வாசம் போயிரும். எனக்கு இனிப்பு வேணாம், வாசந்தான் வேணும்" என்றார். ஜாமை இறுக வைக்கிற பெக்டின் பொடியை அடுத்த லீவுக்கு வரும்போது சென்ட் பாட்டிலோடும் தைலத்தோடும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். பழத்தைப் பிசைந்து, சர்க்கரையைப் போட்டு, எலுமிச்சை பிழிந்து வைத்துவிட வேண்டும். அந்தப் பொடியும் கொஞ்சம் தண்ணீரும் மட்டுந்தான் அடுப்பைப் பார்க்கும். கொதித்ததும் அதைப் பழத்தில் ஊற்றி, சர்க்கரை நறநறவென்று கரண்டியில் இடிப்பது நிற்கும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு டப்பாவில் அடைத்து, ஒரு நாள் வெளியில் வைத்து, இறுகிய பின் ஃப்ரீசருக்குள் ஏற்ற வேண்டும். சர்க்கரை பழத்தையே மிஞ்சுகிற அளவு. இவ்வளவா என்று ஒரு வருஷம் மதினி கையைச் சுருக்கிவிட்டார். ஜாம் இறுகாமல் பானகமாக நின்றது. அதிலிருந்து அளவில் அவர் கை வைக்கவே இல்லை.

செய்வது ஒரு பகல் வேலை. காப்பதுதான் பெரும்பாடு. வைகாசியிலிருந்து மார்கழி வரை எங்கள் ஃப்ரிட்ஜுக்குள் மீன் வரக் கூடாது என்று சட்டம். பக்கத்தில் கடல், சந்தைக்கு நல்ல மீன் வருகிற ஊர், நானோ மீன் இல்லாவிட்டால் சோற்றைச் சந்தேகமாகப் பார்க்கிறவள். ஆனாலும் வாங்கிய மீனை அன்றைக்கே குழம்பு வைத்து அன்றைக்கே தின்று தீர்த்தாக வேண்டும். ஜாமில் கவுச்சி ஏறிவிடுமாம். கரண்ட் போனால் மதினி ஃப்ரிட்ஜின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டு, காய்ச்சல் பிள்ளைக்குக் காவல் இருப்பது போல முன்னால் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் எடுக்கக்கூட யாரும் கதவைத் தொட முடியாது. அண்ணன் தெருமுனையில் வந்து இறங்கினால்கூட இவர் கரண்ட் வந்த பிறகுதான் எழுந்து போவார் என்று நான் கேலி செய்வேன்.

மதினி மாம்பழம் தின்னாததற்குக் காரணம் வேறு என்பதை நான் தெரிந்துகொண்டதும் ஒரு ஜாம் வேலையின்போதுதான். அதுவரை, மாம்பழம் சூடு, எனக்கு ஒத்துக்காது என்று எல்லாரிடமும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். அன்று சதையை அறுத்தெடுத்த பிறகு கொட்டைகள் ஒரு தாம்பாளம் நிறையக் குவிந்தன. அறுத்த கூலி அதுதானே என்று நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து சப்ப ஆரம்பித்தேன். மதினி நேராகக் கிணற்றடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். விரலில் வழிந்த சாற்றைக்கூட நக்கவில்லை. மாம்பழம் அறுத்துவிட்டு விரலை நக்காத ஒரு மனுஷியை நான் அப்போதுதான் பார்த்தேன். "மாம்பழத்தைக் காசியில விட்டுட்டு வந்தீங்களா மதினி?" என்று கேட்டேன். "ஒங்க அண்ணே வரட்டும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

விரதமா, வேண்டுதலா என்று எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. நானும் விடவில்லை. வைகாசி தோறும் ஒரு பழத்தை அவர் மூக்குக்கு நேரே கொண்டுபோய்க் காட்டுவேன். மகள் அம்மாவுக்கு ஊட்டப் பார்ப்பாள். தலையைத் திருப்பிக்கொள்வார், சிரிப்பார், போய் வேறு வேலை பார்ப்பார்.

மார்கழியில் அண்ணன் வந்த மறுநாள் காலை முதல் டப்பா திறக்கும். முந்தின நாளே மதினி அதை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கி வைத்திருப்பார். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது, ஆகவே திறந்த டப்பாவைத் தின்றே தீர்க்க வேண்டும் என்பதில் அண்ணனுக்கு ஒரு சந்தோஷம். மூடியைத் திறந்ததும் கரண்டியை வாயில் வைக்க மாட்டார். முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். வெளியில் பனி பெய்யும், உள்ளே வைகாசிக் கொல்லை மணக்கும். "இந்த வருசம் மழ கம்மி போலருக்கே, பழம் சுருக்கா இனிச்சிருச்சு" என்பார். மதினி எதிரில் உட்கார்ந்து அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்ப்பார். அப்புறந்தான் தனக்கு ஒரு கரண்டி எடுப்பார். அந்த ஒரு கரண்டி அவர் முகத்தில் செய்கிற வேலையைப் பார்க்க, நான் பள்ளிக்கு நேரமானாலும் பரவாயில்லை என்று நிற்பேன். குளிரில் ஜில்லென்று தின்று அண்ணனுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கஷாயம் வைப்பதும் மதினிதான்.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒரு மார்கழியில் அண்ணன் வரவில்லை. வேலை அதிகம், லீவு தரவில்லை என்றார். டப்பாக்கள் ஃப்ரீசரில் அப்படியே காத்திருந்தன. சித்திரையில், இனிமேல் திரும்பிப் போகப்போவதில்லை, ஊரோடு வந்துவிடுகிறேன் என்று போன் வந்தது. மதினி அன்று மரத்தடிக்குப் போய்க் காய்களை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன். பழுக்கிற காலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கப்போகிறார். மதினி கேட்டது அது ஒன்றுதான்.

அண்ணன் வண்டியிலிருந்து இறங்கும்போது காலைத் தாங்கித் தாங்கி வைத்தார். இடது காலில் ஒரு விரல் இல்லை. சர்க்கரை வியாதி. புண் ஆறாமல் விரலை எடுத்துவிட்டார்கள். மார்கழியில் லீவு இல்லை என்றது அந்த ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்துதான். பெட்டியைப் பிரித்தபோது மாத்திரை அட்டைகள் வந்தன. ஒவ்வொரு லீவிலும் சத்து மாத்திரை என்று சொல்லி எங்கள் கண்ணெதிரேயே போட்டுக்கொண்ட அதே மாத்திரைகள். வியாதி வந்து பல வருஷம் ஆகியிருந்தது. தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு மார்கழியிலும் டப்பா டப்பாவாக ஜாம் தின்றிருக்கிறார்.

மதினி எழுந்து போய் ஃப்ரீசரிலிருந்த டப்பாக்களை எல்லாம் எடுத்துக் கொல்லையில் வரிசையாக வெயிலில் வைத்தார். இளகியதும் ஒவ்வொன்றாக மாமரத்தின் தூரில் கவிழ்த்தார். நான் தடுக்கப் போனேன். "நானே ஊட்டியிருக்கேனேத்தா" என்றார். சாயங்காலத்துக்குள் தூர் முழுக்க எறும்பு கருப்பாக மொய்த்துவிட்டது. டப்பாக்களைக் கழுவிப் பரணில் போட்டுவிட்டு, அடுத்த நாள் மீன் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தார். எனக்கு அந்த மீன் பிடிக்கவே இல்லை.

வைகாசி வந்தது. எந்த வருஷமும் இல்லாத காய்ப்பு. பழங்கள் விழுந்துகொண்டே இருந்தன, மதினி அள்ளிக் கூடையில் போட்டுத் தெருவுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். புருஷன் வீட்டில் இருந்தும் தின்ன முடியாது, அதனால் தானும் தின்ன மாட்டார். இனி மார்கழியில் அந்த ஒரு கரண்டியும் கிடையாது. ஒரு நாள் மத்தியானம் அண்ணன் நொண்டிக்கொண்டே போய் மரத்தடியில் நல்ல பழமாக நாலைந்து பொறுக்கி வந்தார். கத்தியும் தட்டும் எடுத்துக்கொண்டு கொல்லை வாசலில் உட்கார்ந்து மதினியைக் கூப்பிட்டார். அவருக்காக நறுக்குகிறார் என்று நினைத்து மதினி பதறிக் கத்தியைப் பிடுங்கப் போனார்.

"எனக்கில்ல, ஒனக்குத்தான்" என்றார் அண்ணன்.

"எனக்குச் சூடு, ஒத்துக்காது."

"நீ திங்காம இருந்தது எனக்கு மொத வருசமே தெரியும். எனக்குச் சுகர் இருந்தத நானும் ஒனக்குச் சொல்லல. ரெண்டுஞ் சரியாப் போச்சு. இந்தா, தின்னு. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மதினி ஒரு துண்டை எடுத்து வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு வாயில் வைத்தார். அப்புறம் நிறுத்தவில்லை. தட்டு காலியாயிற்று, கொட்டையை எடுத்துச் சப்பினார், சாறு முழங்கை வரை வழிந்தது, துடைக்கவில்லை. தலை குனிந்தபடியே, "இன்னொண்ணு நறுக்குங்க" என்றார். அண்ணன் நறுக்கிக்கொண்டே இருந்தார், ஒரு துண்டுகூடத் தன் வாய்க்குப் போகவில்லை. அந்தப் பழங்கள் எல்லாம் தீரும் வரை மதினி நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒத்துக்காது என்றவருக்குள் இத்தனை வருஷமாக இவ்வளவு ஆசை இருந்ததா என்று நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் காலுக்கு அடிக்கடி ஆஸ்பத்திரி போக வேண்டியிருக்கிறது. அறந்தாங்கி வீட்டில் நான் மட்டும். மீன் வைக்கத் தடை இல்லை, ஃப்ரிட்ஜை நினைத்தபோது திறக்கலாம், திறந்தால் ஏன் திறந்தாய் என்று கேட்க ஆள் இல்லை. அந்தத் திட்டுக்காக மனசு ஏங்கும் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்த வைகாசியில் பரணிலிருந்து டப்பாக்களை இறக்கினேன். பெக்டின் பொடி இப்போது கடைவீதியிலேயே கிடைக்கிறது. தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன் என்று மதினி சொல்லியிருந்தார், அவருக்காகத் தனியாக உட்கார்ந்து பழம் அறுத்து, கிண்டி, மூன்று விரல் இடம் விட்டு அடைத்தேன்.

வேலை முடிந்து கை கழுவியபோது மதினியிடமிருந்து போன் வந்தது. மரம் எப்படிக் காய்த்திருக்கிறது, பழம் இனிக்கிறதா என்று கேட்டார். தேன் மாதிரி இருக்கிறது என்றேன். "நீ வாயில வச்சுப் பாத்தியா?" என்றார். இந்த வருஷம் நான் ஒரு பழம்கூடத் தின்றிருக்கவில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை, அவர் இல்லாமல் இறங்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்குச் சாப்பிடுகிறேன் என்று மழுப்பினேன்.

"எனக்காகக் காக்காதத்தா. அவுக காலு எப்புடி இருக்கோ, நான் எப்ப வாரேனோ. போன வைக்காத. இப்பப் போயி ஒரு பழம் எடுத்துத் தின்னு. தின்னுற சத்தம் எனக்குக் கேக்கணும்."

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு ஒரு பழத்தை நறுக்கினேன். முதல் துண்டை வாயில் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லையே என்றார், சப்புக்கொட்டித் தின்றேன். பாதிப் பழத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி போனை வைக்கவில்லை. நான் தின்று முடிக்கும் வரை கோயம்புத்தூரிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.