ராஜகாலுவேயைத் திருப்பிய கூட்டம்

எலெக்ட்ரானிக் சிட்டி போகிற வழியில் ஒரு சின்ன நகரசபை. அங்கே நான் உதவிப் பொறியாளர். மழைநீர் வடிகால் என் பொறுப்பு. ஏரியிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய கால்வாயைப் பெங்களூரில் ராஜகாலுவே என்போம். தொண்ணூறுகளின் கடைசியில், அடுக்குமாடி கட்ட வந்த பில்டர் ஒருவர், தன் மனைக்கு நடுவே ஓடிய ராஜகாலுவேயை ஓரத்துக்கு மாற்றக் கேட்டார். அவர் கொடுத்த பிளானில் கால்வாய் ‘ட’ எழுத்துபோல் மடங்கியிருந்தது, அகலமும் பாதிதான். அந்த மடிப்பை ஒட்டி ஒரு வரிசை ஷீட் வீடுகள்.

ஆட்சேபம் கேட்கக் கூட்டம் போட்டார்கள். அந்த வீடுகளிலிருந்து செல்வி வந்திருந்தார். கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை, யூனிஃபார்மோடு நின்றார்.

“மழை வந்தா இந்தத் தண்ணி எங்க போவும் சார்?”

பில்டரின் கன்சல்டன்ட் சிரித்தார். “தண்ணி அதோட வழிய அதுவே பாத்துக்கும்மா.”

“அது வழியத்தானே சார் நீங்க மடக்குறீங்க?”

நகரசபைத் தலைவருக்குப் பொறுக்கவில்லை, கன்னடத்தில் உட்காரச் சொன்னார். “ஆயித்து, கூத்கொள்ளி. ஏம்மா, ஊருக்கு டெவலப்மென்ட் வேணாமா?”

செல்வி உட்காரவில்லை. நானும் எழுந்தேன். அந்த வளைவில் தண்ணீர் முட்டும், கரை தாண்டும் என்றேன். “உங்க கருத்து கேட்டாச்சு” என்று தலைவர் அடுத்த பொருளுக்குப் போனார். பிளான் பாஸ் ஆனது.

கட்டடம் எழும்பியபின் வந்த முதல் பெருமழையிலேயே கால்வாய் அந்த மடிப்பில் கரை தாண்டியது. வீடுகளில் இடுப்பளவு சாக்கடைத் தண்ணீர். செல்வியின் மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்தவர். கட்டிலோடு தூக்கி மெயின் ரோட்டில் வைத்தார்கள். ஜுரம் கண்டு, தேறாமலே இறந்துபோனார்.

மறுபடி கூட்டம். இந்தத் தடவையாவது வளைவை நேராக்குவார்கள் என்று நம்பி, புது டிராயிங் போட்டு எடுத்துப்போனேன். அதை யாரும் விரிக்கவேயில்லை.

“காலுவே பக்கத்துல இத்தனை அடிக்குள்ள வீடு இருக்கக்கூடாதுன்னு ரூல் இருக்கா இல்லையா?” என்றார் தலைவர்.

“இருக்கு சார். ஆனா அந்த வீடுங்க முன்னாடியே இருந்துச்சு. நாமதான் காலுவேயக் கொண்டுபோய் அவங்க பக்கத்துல விட்டோம்.”

“இன்னைக்கு மேப்ல எங்க இருக்கு, அத சொல்லுங்க.”

மேப்பில் வீடுகளை ஒட்டித்தான் இருந்தது. ஆக்கிரமிப்பு என்று தீர்மானம் போட்டார்கள். என் எதிர்ப்பை எழுத்தில் கொடுத்தேன். தெருவிளக்குப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

இடிக்கிற அன்று போய் நின்றேன். பாத்திரங்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த செல்வி என்னைப் பார்த்தார். குரலில் கோபம்கூட இல்லை.

“தண்ணி வந்தா வடிஞ்சிடுது சார். கழுவி வுட்டுட்டு இருந்துக்குறோம். நீங்க கூட்டம் போட்டாத்தான் வீடே போவுது.”

கீழே இருந்த குடத்தை எடுத்து ஆட்டோவில் வைத்தேன்.

வடிகால் பிரிவுக்குப் புதிதாக வரும் பொறியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீர் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட உங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கால்வாயை நகர்த்தும் பிளான் மேஜைக்கு வந்தால், அது யாருடைய வாசலில் போய் நிற்கும் என்று முதலில் பாருங்கள். உங்கள் கணக்கு சரியாகவே இருக்கும். அவர்களுடைய வீடு இருக்காது.