லேபிள் உரிந்த ஒயினை விற்ற கதை

பீர் விற்பவனைத் தேடி ஆள் வருவான். ஒயின் விற்பவன்தான் ஆளைப் பிடித்து உட்காரவைத்துப் பேச வேண்டும். கோலசிலாங்கூரில் எனக்கு ஒரு மதுக்கடை இருக்கிறது. படிப்பு மூன்றாம் பாரத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, சரி. பீர் லோரியில் பெட்டி தூக்கி, திட்டு வாங்கி, திருப்பித் திட்டிக் கற்றுக்கொண்ட வியாபாரம். நல்ல சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்பவனிடம் மல்லுக்கட்டும் சக கடைக்காரர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

நடுவில் இருந்த பெட்டி

கோலாலம்பூரில் ஓர் இறக்குமதிக்காரர், நம்ம ஆள்தான். அவர் ஸ்டோரில் ஏர்கோன் தண்ணீர் ஒழுகி, இத்தாலி சிவப்பு ஒயின் ஒரு அடுக்கு முழுக்க லேபிள் உரிந்துபோயிருந்தது. மேல் பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து ருசி பார்க்கச் சொன்னார். மேலே இருப்பதைத்தான் எல்லாரும் காட்டுவார்கள், எனக்கா தெரியாது? நடுவிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, நான் கைகாட்டிய போத்தலைத் திறக்க வைத்தேன். முதலில் மெல்லிய புளிப்பு, பின்னால் நாவல்பழத் துவர்ப்பு, விழுங்கிய பிறகும் போக மனமில்லாமல் நாக்கிலேயே நின்றது.

முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "மொட்டை போத்தல எவன் வாங்குவான்?" என்று கத்தினேன். அவரும் கத்தினார். நான் விறுவிறுவென்று லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவரே இறங்கி வந்து, நான் கேட்ட விலைக்கே மொத்தத்தையும் ஏற்றிவிட்டார். கதவைச் சாத்தும்போது சொன்னார்: "ஏர்கோன் பண்ண நட்டத்தவிட நீங்க பண்ணதுதாண்ணே பெருசு."

சரோஜாவின் கெடு

கல்லாவில் உட்காருவது என் மனைவி சரோஜா. கடையின் முன்பக்க அலமாரி முழுக்க அந்த ஒயினை அடுக்கினேன். வந்தவர்கள் எல்லாரும் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கடத்தல் சரக்கா என்று காதோடு கேட்டார்கள். மூடியில் வரி ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது, காட்டினேன். நம்பவில்லை. இரண்டு பேரை வெளியே போகச் சொல்லிவிட்டேன்.

சரோஜா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் கல்லாவை விட்டு எழுந்து வந்து அலமாரி முன்னால் நின்றாள். "தீபாவளி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள இது போகலன்னா பீரத்தான் அடுக்குவேன். அப்புறம் ஒயின்ங்கிற பேச்சே இந்தக் கடையில இருக்கக்கூடாது."

முனியாண்டி கேட்டது

புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர் பிச்சை அண்ணன். முனியாண்டி கோயில் படையலுக்கு வருஷா வருஷம் என்னிடம்தான் ஸ்டவுட் கறுப்பு பீர் வாங்குவார். "இந்த வருஷம் சாமிக்கு ஒசத்தியா குடுங்கண்ணே" என்று இத்தாலி ஒயினைக் கையில் திணித்து அனுப்பினேன். மத்தியானம் போன் வந்தது. படையலில் போத்தல் திறந்திருக்க வேண்டுமே! ஆட்டுக்கறி, சுருட்டு எல்லாம் தயார், போத்தலில் மட்டும் கார்க். செம்பனைத் தோட்டம் முழுக்கத் தேடியும் கார்க் திருகி ஒருவரிடமும் இல்லை.

செம்மண் பாதையில் காரை விரட்டிக்கொண்டு போனேன். உறுமி மேளம் முழங்குகிறது, பூசாரிக்கு அருள் வந்துவிட்டது, கையில் அரிவாள். அவர் கால்மாட்டில் குந்தித் திருகினேன். பட்டென்று திறந்தது. வாங்கி ஒரு மடக்கு குடித்தார், கண்ணை மூடினார். மேளம்கூட நின்றுபோனது. பிறகு சாமி வாக்கு வந்தது: "நல்லாருக்குடா. அடுத்த வருசம் தொறந்து கொண்டாந்து வையி."

சரவாக் அரிசி ஒயின்

சுங்கை சோவிலிருந்து ஒரு லோரி முதலாளி வருவார். வெளிநாட்டுச் சரக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டார், ஆனால் மொட்டை போத்தல் என்றால் ஏழடி தள்ளி நிற்பார். ஒரு நாள் சும்மா ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்தேன், நன்றாகக் குளிரவைத்த சரவாக் அரிசி ஒயின். லேசான இனிப்பு, சோறு வெந்த வாசனை. நம் நாட்டுச் சரக்கென்று பிறகுதான் சொன்னேன். முகம் சிவந்தது, ஆனால் ஒரு பெட்டி வாங்கினார். அன்றுதான் முதல் தடவையாக இத்தாலிப் போத்தலையும் ஒன்று கேட்டு எடுத்துக்கொண்டார். காரில் ஏறுமுன் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினார்: "அரிசி ஒயின் நம்ம ஊருதுன்னு என் மருமகன்கிட்ட சொல்லிடாதீங்க லா, பிரான்ஸுன்னு சொல்லப்போறேன்."

செகிஞ்சான் கல்யாணம்

இப்படி ஒன்றும் இரண்டுமாகத்தான் போனது. தீபாவளி நெருங்கியபோதும் அலமாரி பாதிக்கு மேல் நிறைந்தே இருந்தது. அப்போதுதான் செகிஞ்சானில் மீன்பிடிப் படகு வைத்திருக்கும் சீனர் ஆ ஹெங் வந்தார். மகள் கல்யாண விருந்து. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில். ருசி பார்த்தார், தலையாட்டினார், இருப்பது அத்தனையும் வேண்டும் என்றார். சரோஜா பெட்டி எடுக்க உள்ளே ஓடினாள். அவரோ சாதாரணமாகச் சொன்னார், ஐஸும் இனிப்பு சோடாவும் கலந்து யாம் செங் போடுவோம் என்று. சீனர் விருந்துகளில் மூச்சு முட்டும்வரை கத்திவிட்டு ஒரே மடக்கில் கிளாஸைக் கவிழ்ப்பார்களே, அது.

எனக்கு உச்சி மயிர் நின்றது. போத்தலைப் பிடுங்கி அலமாரியில் வைத்து, விற்கமாட்டேன் என்றேன். சரோஜா முதுகில் கிள்ளினாள். ஆ ஹெங் தன் லோரியில் போய் உட்கார்ந்தார். எஞ்சின் ஓடுகிறது, லோரி நகரவில்லை. நானும் நகரவில்லை. இந்த ஆட்டம் நான் ஆடாததா?

கதவைத் திறந்துகொண்டு வந்தார். என் பேச்சு ஒரே பேச்சு: யாம் செங்குக்கு மலிவான சிலி ஒயின், அதையும் என்னிடமே வாங்க வேண்டும். வாத்து வறுவல் மேசைக்கு வந்த பிறகு இத்தாலி. சின்ன கிளாஸ், ஐஸ் கூடாது, சோடா கூடவே கூடாது. அவர் என்னையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு கையை நீட்டினார். ஒரு போத்தல் மிச்சமில்லாமல் அவருடைய மீன் லோரியில் ஏறியது. சரோஜா வெற்று அலமாரியைத் துடைத்துவிட்டு, அடுத்து எந்த நாட்டு ஒயின் என்று மட்டும் கேட்டாள். லோரி கிளம்பும்போது ஆ ஹெங் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்: "என் மகளுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட நான் இத்தனை கண்டிஷன் போடல."

ஒயின் விற்கப் பொறுமை வேண்டும் என்று பெரிய பெரிய கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பொறுமை மட்டும் என் கடையில் ஸ்டாக் கிடையாது, ஆனாலும் கடை நன்றாகத்தான் ஓடுகிறது.