வாசலில் தொங்கிய இரண்டு வரிகள்

லியாவ் கைத்யுவானுக்குத் தன் எழுத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆற்றங்கரைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யார் இறந்தாலும் வெள்ளைத் தாளில் இரங்கல் வரி எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டே வரி, ஒன்றுக்கு மற்றொன்று எதிராக நிற்க வேண்டும். அப்போதுதான் போனவரின் அருமை தெரியும் என்பார். அழுதுகொண்டிருப்பவர்களைக்கூட விடாமல் பிடித்துவைத்து இதை விளக்குவார்.

பள்ளிச் சமையல்காரி பெங் ஷுன்மேய் இறந்தபோது யாரும் கூப்பிடவில்லை. அவராகவே எழுதிக்கொண்டு போனார்.

ஷுன்மேய் சோறு வடிப்பாள், முட்டைக்கோஸ் நறுக்குவாள். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பிள்ளைகளை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து பள்ளிக்கரை சேர்ப்பாள். அதில் வந்த இடுப்புவலி சாகும்வரை போகவில்லை. இதைக் கேள்விப்பட்டுப் படமெடுக்கப் பத்திரிகைக்காரர் வந்த அன்று அவள் அடுப்படியில் இருந்தாள். லியாவ் கால்சட்டையை மடித்துவிட்டு, ஒரு பையனை முதுகில் ஏற்றிக்கொண்டு படத்துக்கு நின்றார். மாவட்டப் பாராட்டும் பதவி உயர்வும் அந்த ஒரு படத்தால் வந்தவை. "நாங்கள் சுமந்தோம்" என்று ஆரம்பித்தவர், போகப்போக "நான் சுமந்தேன்" என்று சொல்லிப் பழகிவிட்டார்.

செத்த பிறகாவது அவளுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இப்போது எழுதினார். வழக்கப்படி அவள் வீட்டு வாசலின் வலப்பக்கம் முதல் வரி தொங்கியது. அதன் தலையில் இறந்தவர் பெயர்:

பெங் ஷுன்மேய் நினைவுக்கு. பிறர் முதுகில் ஆற்றைக் கடந்தவர் பெயர் நீரோடு போகும்.

இடப்பக்கம் இரண்டாம் வரி, அடியில் எழுதியவர் பெயர்:

பிறரை முதுகில் சுமந்து கடந்தவர் பெயர் கரையில் நிற்கும். லியாவ் கைத்யுவான்.

ஷுன்மேயின் தம்பி தோஃபு என்னும் சோயாக் கட்டி விற்பவன். வாய்க்குப் பூட்டே கிடையாது. சத்தமாகப் படித்துவிட்டுத் திரும்பினான்.

"பிரமாதம் வாத்தியாரே! கரையில நிக்கிறது நீங்க, தண்ணியோட போனது எங்க அக்காவா?"

"இல்லப்பா... பேரு போடுற எடம் அதுதான், வழக்கம்..."

"வழக்கந்தான். உங்க வழக்கம்!"

லியாவுக்கு முகம் எரிந்தது. எத்தனை வருடமாக இதே வேலையைச் செய்கிற கை! அவளை நினைத்து எழுதிய நல்ல வரியை முதலில், அவள் பெயருக்குக் கீழே வைத்திருக்கலாம். ஆனால் அழகானது கடைசியில் வர வேண்டுமென்று ஆசைப்பட்டுத் தன் பெயரை அதன் அடியில் தானே எழுதியிருந்தார். அவமானம் தாங்காமல் அந்தப் பெயரைக் கிழித்துக் கையில் கசக்கினார்.

"சுமந்தது அவதான். நான் ஒரு புள்ளையக்கூடக் கடத்திவிடல. படத்துக்கு நின்னேன், அவ்வளவுதான்."

யாரும் திடுக்கிடவில்லை. ஷுன்மேயின் கணவர் கூ தாபிங் மட்டும் எழுந்து வந்தார்.

"தெரியும் வாத்தியாரய்யா. ஊருக்கே தெரியும். அன்னிக்கு அவ முதுகுல ஏறுனவங்கதானே இங்க உக்காந்திருக்காங்க."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் கேக்கல?"

"அவதான் கேக்க விடல. 'அந்தப் பேர எடுத்துட்டா அவருகிட்ட வேற என்ன இருக்கு, பாவம், விட்டுருங்க'ன்னா."

சொல்லிவிட்டு, துக்கத்துக்கு வந்த மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோலவே அவருக்கும் ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்குவதுதான் மரியாதை. லியாவுக்கு ஒரு கைகூட எழவில்லை.