பின்னால் எட்டுப் பேர்

மதலைமுத்து ஜெயித்தவை கொஞ்சமில்லை. தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது கரண்ட் அடித்துக் கீழே விழுந்தவன் பிழைத்து எழுந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம்கூட முழுசாக உட்காராதவன் செஞ்சிக் கடைத்தெருவில் சொந்தமாக மைக்செட் கடை வைத்தான். தேறாது என்று எல்லோரும் கைகழுவிய ஒரு கால்பந்து அணியை, டி.வி. திரையில்தான் என்றாலும், முதல் டிவிஷனிலிருந்து இறங்காமல் காப்பாற்றினான். இதையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. ஊர்க்கூட்டத்தில் கடைசிவரை காலாட்டாமல், வாய்க்கு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தான்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவன் அக்கா மரியசெல்விக்குத்தான் தெரியும். அவனுக்கு ஓரிடத்தில் இருப்பே கொள்ளாது. ஐந்தாவது வரை படித்த அவள், சிலேட்டை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடாத நாளில்லை. அவள் 'அ' எழுதி முடித்து நிமிர்வதற்குள் அவன் ஏரிக்கரையில் இருப்பான். எண்கள் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டன. வாட்ஸும் வோல்ட்டும் பார்க்க அது போதும். கேசட்டின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வராததால் நகப்பூச்சால் பொட்டு வைத்திருந்தான். சிவப்பு மாதா பாட்டு, பச்சை கல்யாணம், கறுப்பு சாவு.

பக்கத்துக் கடை கரீமுடையது, டி.வி. ரிப்பேர். அந்த வருஷம் குவைத்திலிருந்து வந்த கரீமின் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதை டி.வி.யில் மாட்டி, டேப்ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால், காதைக் கிழிக்கும் கிறீச்சலோடு கால்பந்து ஆட்டம் ஏறும். நாம் பந்தை உதைக்க வேண்டியதில்லை. நாம் மேனேஜர். பெயரைத் தட்டினால்தான் சீசன் தொடங்கும். ஆட்டக்காரர்களைப் பொறுக்கி நிறுத்துவதோடு நம் வேலை முடிந்தது. பிறகு அவர்களே ஆடுவார்கள், நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முத்துவால் முடியாதது அந்தப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். கிடைத்த ஆளையெல்லாம் முன்னால் நிறுத்தி, ஐந்தும் ஆறுமாகக் கோல் வாங்கினான். ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து டி.வி.யை அடிக்கப் போனான்.

"டி.வி.மேல கை வெச்ச, உன் ஆம்ப்ளிஃபயர நான் ஒடைப்பேன்" என்றான் கரீம். "டேய் முத்து, கோல் போடாதவன் டிரா பண்ணலாம்டா. வாங்கறவன்தான் தோப்பான். வூட்டத் தொறந்து போட்டுட்டு எங்கடா ஓடற?"

இரண்டு நாள் அந்தப் பேச்சு முத்துவைக் குடைந்தது. மூன்றாம் நாள் பின்னால் எட்டுப் பேரை நிறுத்தினான்.

"இன்னாடா, செஞ்சிக் கோட்டையா கட்டற?"

"ஆமா. நீ வேணா ஏறிப் பாரு."

ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் திறமைக்கு ஓர் எண், தெம்புக்கு ஓர் எண் உண்டு. தெம்பு குறைந்தவனை, எவ்வளவு கெட்டிக்காரன் என்றாலும், வெளியே உட்காரவைத்தான். பூஜ்யத்துக்குப் பூஜ்யம், ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டங்கள் நகர்ந்தன. எதிராளி கோல் பக்கம் வரும்போதெல்லாம் அவன் வாசலுக்குப் போவான், திரும்பி வருவான், சட்டைப் பட்டனைத் திருகுவான். ஆனாலும் நிறுத்தியவர்களை மாற்றவில்லை.

ஆகஸ்டில் அவர்கள் ஊர் மாதா கோயிலில் கொடி ஏறியது. அதே வாரம் சீசனில் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி. முதல் டிவிஷனில் தங்க டிரா செய்தால் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வோல்டேஜ் விழ ஆரம்பித்தது. கரீம் கைக்குக் கிடைத்த கேசட்டைச் செருகி ஆட்டத்தைப் பதிவு செய்தான். கேசட்டை வெளியே எடுக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

"ஏறிச்சா?"

"ஏறியிருக்கும்னுதான் நெனைக்கிறேன்."

அன்று முத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா கேட்டதற்கு, "பதினோரு பேரு உசுரோட இருக்கானுங்களா செத்தானுங்களான்னு தெரியல" என்றான். அவள் பதறிப்போய் எந்த ஊர்ப் பஸ் என்று விசாரித்தாள்.

விடிந்ததும் கோயிலில் சிவப்புப் பொட்டுக் கேசட்டைப் போட்டான். மணிக்கூண்டில் கட்டியிருந்த நான்கு குழாய்களும் ஒரே குரலில் 'கிறீஈஈச்' என்று அலறின. நாய்கள் ஊளையிட்டன. பூசைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கட்டுத்தறி மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. முத்து மட்டும் அசையாமல் நின்றான். அது என்ன சத்தம் என்று அவனுக்குத் தெரியும். கரீம் அவசரத்தில் எடுத்துச் செருகியது இந்த மாதா பாட்டுக் கேசட்டைத்தான். சீசன் பத்திரமாக இருக்கிறது! அவன் முகமெல்லாம் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைத்தான் திருவிழாக் கமிட்டித் தலைவர் அருளானந்தம் பார்த்துவிட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் போட்டார்கள். தேருக்குத் திண்டிவனத்து செட்டைக் கூப்பிடலாம் என்றார் அருளானந்தம். சொந்த ஊரே வேண்டாம் என்று தள்ளிய மைக்செட்டை வேறெந்த ஊர் கூப்பிடும்? கடையை மூட வேண்டியதுதான்.

"கோயில்ல பேய் கத்துது, இவன் பல்லக் காட்டிகினு நிக்கிறான். ஏன்டா சிரிச்ச?"

திருப்பி அடிக்க முத்துவிடம் பந்து இருந்தது. போன வருஷத் திருவிழாவில் மைக் ஆனில் இருப்பது தெரியாமல் அருளானந்தம் சமையல்காரனைத் திட்டிய திட்டு சிங்கவரம் வரைக்கும் கேட்டது. அதை எடுத்துவிட்டால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மரியசெல்வி அவன் காலைப் பார்த்தாள். ஆடவில்லை.

"தப்பு என்னுது, மாமா. இனிமே போட்டுக் கேட்டுட்டுதான் மேல ஏத்துவேன்" என்றான். அவ்வளவுதான்.

அருளானந்தம் மறுபடி தொடங்கினார். அவன் பேசவில்லை. இன்னொருவர் ஏசினார். அதற்கும் பேசவில்லை. அடிக்க ஆள் கிடைக்காமல் கூட்டத்துக்கே தெம்பு குறைந்தது. கடைசியில் பின்வரிசையிலிருந்து விருத்தாம்பாள் கிழவி எழுந்தாள்.

"ஏன் அருளானந்தம், மைக்குல வரக்கூடாதது வந்தது இதான் மொத தடவையா?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. முத்து சிரிக்கவில்லை. அதைக் கவனித்த அருளானந்தத்தின் குரல் இறங்கியது.

"சரிடா, நீயே கட்டு. ஆனா எழுதிக் குடுத்துட்டுக் கட்டு."

ஆட்டக் கேசட்டைக் கோயில் பக்கம் கொண்டுவர மாட்டேன் என்று, கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார் எழுதி, மை டப்பாவைத் திறந்து அவன் பக்கம் தள்ளினார். இதுவரை எங்கேயும் அவன் கட்டைவிரலைத்தான் வைத்திருக்கிறான்.

"பேனா குடுங்க."

இடது கை விரலால் மேஜையின்மேல் ஓரிடத்தைத் தொட்டான். கம்ப்யூட்டரில் அந்த எழுத்து இருக்கும் இடம் அது. தொட்டுவிட்டு வலது கையால் தாளில் வரைந்தான். அடுத்த இடம், அடுத்த எழுத்து. மேனேஜர் பெயர் கேட்டு நிற்கும் திரையில் ஒவ்வொரு சீசனும் தட்டித் தட்டி விரலில் ஏறிய எழுத்துகள் அவை.

"இங்கிலீஷா!" என்றார் உபதேசியார்.

மரியசெல்வி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றோடொன்று ஒட்டாமல், பெரிய எழுத்தில், முத்து என்று இருந்தது. அதன் கீழே தேதியை அவனே போட்டான். 9-8-1987.