பின்மதிலின் தகரக்கதவு

இளையவர்களுக்கான என் முதல் நாவலை எழுதி முடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாநில எல்லைகளெல்லாம் மதில்களாகிவிட்ட ஒரு வருங்காலம். அப்பாவுக்கு இன்சுலின் வாங்கப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எல்லையைத் தாண்ட வேண்டும். தேடுவிளக்கு, மோப்பநாய், ஆற்றுக்கடியில் சுரங்கம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. படிக்கிறவர்களுக்கு நகமே மிஞ்சாது என்று நம்பினேன்.

பிளஸ் டூ படிக்கும் என் மகள்தான் முதல் வாசகி. கடைசித் தாளை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சுரங்கம் எதுக்கு அம்மா? நம்ம தகரக்கதவு வழியா போனாப் போராதா?"

பாறசாலையில் எங்கள் வீட்டு முன்வாசல் கேரளத்துச் சாலையைப் பார்க்கிறது. பின்மதிலில் ஒரு தகரக்கதவு. அதற்கப்பால் தமிழ்நாடு. அந்தப் பக்கத்து வீட்டு அக்கா, பாறசாலைக் கடைக்குப் போக எங்கள் முற்றம் வழியாகத்தான் வருவார். "போறேன்" என்பார். நான் அடுக்களையிலிருந்து "ம்" என்பேன். எங்கள் ஊர்ப் பாஸ்போர்ட் அவ்வளவுதான்.

"அந்தக் கதவைத் தொறக்க ஒருத்தி வேணுமே" என்றேன்.

"அவ தொறப்பாளா? கொரோனா நேரம் நீ தொறந்தியா? எனக்க வாயைப் பொத்திப் பிடிச்சிட்டு நின்னியே."

அப்போது இடைவழிகளில் மண்ணைக் கொட்டி அடைத்திருந்தார்கள். எல்லை தாண்டி யாரையாவது உள்ளே விட்டால் கேஸ் என்று பேச்சு. நான் தாழ் போட்டேன். அக்கா இரண்டு தடவை தட்டினார். "மக்கா, அண்ணனுக்கு மருந்து தீந்து போச்சு" என்றார். நான் மூச்சுக்கூட விடவில்லை. மருந்தை வேறு யாரோ வாங்கிக் கொடுத்து அக்காவின் கணவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பின் அக்கா சாலையைச் சுற்றித்தான் கடைக்குப் போகிறார். பார்த்தால் சிரிப்பார், முற்றத்தில் கால் வைக்கமாட்டார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

சுரங்கத்தை மூடினேன், நாய்களை விரட்டினேன். என் கதாநாயகி ஒரு தகரக்கதவைத் தட்டுகிறாள். உள்ளே ஒருத்தி தன் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். கதவு திறக்கவே இல்லை. நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம் அதுதான். தற்பெருமை என்றால் இருக்கட்டும்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியோடு பின்மதிலுக்குப் போனேன். தாழ் துருவேறி இறுகியிருந்தது. கல்லால் நாலு அடி அடித்துத் திறந்து, "அக்கா, வாறேன்" என்று குரல் கொடுத்தேன்.

அக்கா தன் வீட்டு வாசலில் நின்றபடியே, நான் விரித்துக் கொடுத்த அந்த அத்தியாயத்தைப் படித்தார்.

"இவ கடைசி வரைக்கும் தொறக்கல்லியா?"

"இல்லக்கா. தொறக்கல்ல."

அவர் என்னைத் தாண்டி, திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். புத்தகத்தை ஜன்னலில் வைத்தார். ஆணியில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு எங்கள் முற்றத்துக்குள் இறங்கினார்.

"கடைக்குப் போறேன் ஆக்கும்" என்றார்.

"ம்" என்றேன்.