சர்க்கரைவள்ளியை மொறுமொறுப்பாக்கிய மூன்று மாதம்

பசித்து வருகிறவர்களுக்குச் சமைப்பது ஒரு வேலை. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குச் சமைப்பது வேறு வேலை. முன்னவர்கள் மன்னிப்பார்கள். இரண்டாவது வேலையில் மாட்டிக்கொண்ட என் சகோதரிகளே, ஸ்டவ்வோ, தையல் மெஷினோ, சோப்போ, எதை நாலு பேர் முன்னால் நின்று செய்து காட்டினாலும் சரி, கை நடுங்குவது உங்களுக்கு மட்டும் அல்ல.

நோட்டீஸ்

அரிசிக்கு எல்லோரும் வரிசையில் நின்ற வருஷம் அது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். மனையியல் பி.எஸ்சி. ஸர்ட்டிபிகேட்டை உறையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியதில், திருச்சியில் ஒரு பாத்திரக் கடையில்தான் வேலை கிடைத்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் தூக்கி வைக்கிற தகர ஓவன் கடைக்குப் புதிதாக வந்திருந்தது. அதில் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாததால் விற்கவில்லை. அரிசி கிடைக்காத நேரத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மலிவாகக் கிடைத்தது. அதை விரல் நீளத்துக்கு நறுக்கி ஓவனில் மொறுமொறுவென்று சுட்டுக் காட்ட வேண்டும். மூன்று மாதம் பார்ப்பேன், வறுவல் சரியாக வந்து ஓவன் விற்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் இல்லை என்று முதலாளி சொன்னார். மருங்காபுரியில் அப்பாவும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார். வேலை நிலைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். எனக்குத் திரும்ப விருப்பமில்லை.

முதல் நாளே தகராறு. 'எண்ணெயே இல்லாமல் மொறுமொறு வறுவல்' என்று நோட்டீஸ் அடித்து வைத்திருந்தார்கள். இரண்டு ஸ்பூன் எண்ணெய் தடவாமல் அது வராது என்று சொன்னேன். அடித்தது அடித்ததுதான் என்றார் முதலாளி. ஒரு மூலையில் உட்கார்ந்து, கட்டு முழுவதிலும் 'எண்ணெயே இல்லாமல்' என்பதைப் பேனாவால் அடித்து 'இரண்டு ஸ்பூன் எண்ணெயில்' என்று எழுதினேன். பயத்தில் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை. சாயங்காலம் முதலாளி ஒரு நோட்டீஸை எடுத்துத் தூரப் பிடித்துப் படித்தார். "இப்படி உண்மையைச் சொல்லி யாராவது சாமான் வித்திருக்காங்களாம்மா?"

பொன்மலையில் ஆவி

முதல் செய்முறை பொன்மலை ரயில்வே குடியிருப்பில், ரயில் பட்டறையில் பிட்டராக மெஷின் வேலை பார்க்கும் ஒருவர் வீட்டு முன்கட்டில். கடையில் இருபது வருஷமாகச் சாமான் கட்டும் சுப்பையா அண்ணன் ஓவனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். கொஞ்சமாக வைத்தால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்று நினைத்துத் தட்டு நிறையக் கிழங்கை அடைத்தேன். அரை மணி கழித்துக் கதவைத் திறந்தால் குபீரென்று ஆவி. ஒரு துண்டை எடுத்து நிமிர்த்திப் பிடித்தேன். அது தலை குனிந்தது. நானும் குனிந்தேன். வீட்டுக்கார அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, இதை அவித்தே தின்போம், மண்ணெண்ணெயாவது மிச்சமாகும் என்று சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள்.

ஷிப்டு முடிந்து சைக்கிளில் வந்த அவர் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஓவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், தட்டினார், கதவின் இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தார். கிழங்கில் இருக்கிற தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்! மேல் தகரத்தில் இரண்டு துளை போட முடியுமா என்று கேட்டேன். கடைச் சாமான் அம்மா, முதலாளி என்னைத் தின்றுவிடுவார் என்று சுப்பையா அண்ணன் தலையில் கை வைத்தார். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றேன். அந்தப் பிட்டர் கையால் சுற்றும் டிரில்லை எடுத்து வந்து, இரண்டே நிமிஷத்தில் துளை போட்டார். பிறகு தகரத் தூளை ஊதிவிட்டுச் சொன்னார்: "பாய்லருக்கே ஆவி போக ஒரு வழி வெச்சிருக்கோம். உங்க பெட்டிக்கு வைக்காம விட்டா எப்படிங்க?"

நாற்பது பக்க நோட்டு

'பி.எஸ்சி. வந்து என் பெட்டியில் ஓட்டை போட்டுடுச்சு' என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அந்த ஓட்டைப் பெட்டியையே கேட்டு வாங்கி, பஸ்ஸின் மேல் ஏற்றி மருங்காபுரிக்குக் கொண்டு போனேன். எங்கள் மானாவாரிக் காட்டில் அந்த வருஷம் சர்க்கரைவள்ளி நன்றாக விளைந்திருந்தது. அப்பா ஒரு சாக்கு ஒதுக்கிக் கொடுத்தார்.

இரண்டு நாளும் அடுப்படியிலேயே இருந்தேன். நறுக்கித் தண்ணீரில் ஊற வைத்தது, ஊற வைக்காதது. துணியில் ஒற்றியது, ஒற்றாதது. முன்னால் உப்புப் போட்டது, பின்னால் போட்டது என்று ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினேன். முன்னாலேயே உப்புப் போட்டால் கிழங்கு தண்ணீர் விடுகிறது. துண்டுகள் ஒன்றையொன்று தொட்டால் வேகின்றன, முறுகுவதில்லை. வெறும் பெட்டியைக் கால் மணி நேரம் சூடாக்கிவிட்டுத்தான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். கடைசியில், ஈரத்தை ஒற்றி எடுத்து, எண்ணெய் தடவி, ஒரு கைப்பிடி அரிசி மாவைத் தூவிப் பிசறிச் சுட்டபோது, துண்டு ஒடியும் சத்தம் எனக்கே கேட்டது. ஒடித்து ஒடித்துப் பார்த்தேன். அப்பா வாசற்படியில் நின்று நோட்டைப் புரட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பக்கத்தை எண்ணத் தெரியும். "அவிச்சா வேகுற கிழங்குக்கு நாப்பது பக்கமா? பரீட்சைக்குக்கூட நீ இவ்வளவு எழுதலையேம்மா."

கீழ்த்தட்டு

அடுத்தது ஸ்ரீரங்கம். அங்கே ஒரு வீட்டில் இடம் கொடுக்கச் சம்மதிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. முதலாளியே வருவதாக இருந்தார். கிளம்புமுன் ஓவனைத் துடைக்கத் திறந்தேன். கீழ்த்தட்டின் பின்பக்கம் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம் ஒன்று இருந்தது. பஜ்ஜிக் கடையில் கொடுத்துப் பொரித்து வாங்கிய கிழங்கு. மேல்தட்டில் பச்சைக் கிழங்கை வைத்து மூடுவது, திறக்கும்போது கீழ்த்தட்டை இழுப்பது என்பது ஏற்பாடு. மூடிக்குள் நடப்பது யாருக்குத் தெரியும் என்று சுப்பையா அண்ணன் மெதுவாகச் சொன்னார். அவர் யோசனை இல்லை, பாவம், முதலாளியுடையது.

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பொட்டலத்தை எடுத்துப் போய் முதலாளியின் மேஜையில் வைத்தேன். இது உங்கள் பலகாரம், ஓவனில் தவறுதலாக இருந்தது என்று மட்டும் சொன்னேன். வெளியே வந்து சைக்கிளின் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுப்பையா அண்ணன் வந்து நிலவரத்தைச் சொன்னார்: "பொட்டலத்தைப் பிரிச்சுத் தின்னுட்டிருக்காரும்மா. உங்களுக்கு வேலை இருக்கா இல்லையாங்கிறது தின்னு முடிச்சாத்தான் தெரியும்."

ஸ்ரீரங்கத்தில் ஒரு பொடி

பொட்டலம் காலியானதும் முதலாளி கிளம்பச் சொன்னார். ஏகாதசியாகப் பார்த்து நாள் குறித்திருந்தார். அன்று வீட்டில் சாதம் கிடையாது, கிழங்கு எடுபடும் என்பது அவர் கணக்கு. சித்திரை வீதியில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஸ்டவ் வைக்க இடம் கொடுத்தார்கள். ஆனால் தொட்டுச் செய்வதையெல்லாம் தாங்களே செய்துகொள்கிறோம், நான் தள்ளி நின்று சொன்னால் போதும் என்றார்கள். எனக்கு அது உறைத்தது. நான் தொடக்கூடாத அந்தக் கிழங்கை என் அப்பாதான் விளைவித்தார் என்று மட்டும் சொல்லி வைத்தேன். வீட்டு மாமி கழுவினார், நறுக்கினார், ஒற்றினார். நான் மிளகுத்தூளோடு கலந்து கொண்டு போயிருந்த பொடியைத் தூவினார். இருபது நிமிஷத்தில் திருப்பிவிட்டு, மறுபடி இருபது நிமிஷம். கதவைத் திறந்து ஆற விட்டு ஒரு துண்டை ஒடித்தபோது கூடம் முழுக்கச் சத்தம் கேட்டது. பின்னால் நின்ற முதலாளி என் வேலை நிரந்தரமானது போலத் தலையாட்டினார்.

மாமி ஒன்றை வாயருகே கொண்டு போனவர், நிறுத்திக் கேட்டார்: "பொடி நன்னாப் பிடிச்சிண்டிருக்கே. என்ன சேர்த்திருக்கே இதுல?"

அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் ஏகாதசி கிடையாது. கிழங்கு விரதத்துக்கு ஆகும் என்று தெரிந்த எனக்கு, அதன் மேல் தூவுவதும் அரிசிதான் என்பது உறைக்கவேயில்லை. முதலாளிக்கும் மாவு விஷயம் புரிந்துவிட்டது போலும். சொல்லாதே என்று கையை ஆட்டினார். மிளகு என்று சொல்லியிருக்கலாம், பொய்கூட இல்லை. அரிசி மாவு, மன்னித்துக்கொள்ளுங்கள், யாரும் சாப்பிட வேண்டாம் என்றேன். எடுத்த கைகளெல்லாம் துண்டுகளைத் தட்டில் திரும்ப வைத்தன. ஒரு ஓவனும் விற்கவில்லை. மாமி கையை அலம்பிக்கொண்டு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாயில போடறதுக்கு முன்னாடி கேட்டது என் பாக்யம். கேட்ட உடனே சொன்னது உன் பாக்யம்னு வெச்சுக்கோ."

பதினொரு நாள்

பஸ்ஸுக்கு நிற்கும்போதே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மூன்று மாதம் என்று சொன்னீர்கள், முடிய இன்னும் பதினொரு நாள் இருக்கிறது, நான் வருவேன் என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று எனக்கே சந்தேகம். அன்றிரவு, நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் தூங்கவில்லை. காலை ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனேன். யாரும் எனக்கு வேலை சொல்லவில்லை. ஓட்டைப் பெட்டியைக் கடை வாசலில் வைத்து ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன்.

மாவில்லாமல் மொறுமொறுப்பு வருமா என்பதுதான் இப்போது என் பிரச்சனை. நறுக்கிய கிழங்கை மொட்டை மாடியில் துணி மேல் பரப்பி, ஒரு மணி நேரம் வெயில் காட்டினேன். முதல் நாள் கரிந்தது. இரண்டாம் நாள் ஓரம் மட்டும் முறுகியது. வாசனைக்கு நின்றவர்களிடம், இது நடுவில் இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது, நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன். சிலர் நிஜமாகவே மறுநாளும் வந்தார்கள். ஆறாம் நாள், விறகுக் கடைக்காரர் ஒருவர் தின்று பார்த்துவிட்டு ஓவனையும் வாங்கிக்கொண்டு போனார். சுப்பையா அண்ணன் அதற்கு முன்னால் மேலே இரண்டு துளை போட்டுக் கொடுத்தார். நான் சொல்லவில்லை. முதலாளி பத்து நாளும் என்னோடு பேசவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் சாமான்களைத் துடைத்து வைத்து, நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். முதலாளி வந்து தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்ரீரங்கத்து மாமி திங்கக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்காங்க. பஞ்சாங்கம் பார்த்துட்டேன், ஏகாதசி இல்லை."

மூன்று வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன். வறுவல் மெத்தென்று வந்தால் அதை முதல் ஆளாக நானே சொல்லிவிடுகிறேன், பிறகு சிரிக்க ஒன்றும் மிச்சமில்லாததால் எதிரே நிற்பவர்களுக்கு அதைத் தின்பதைத் தவிர வேறு வேலை இருப்பதில்லை.